ஆயிரத்தொன்றாவது விளக்கு

பேராசிரியர் தணிகைவேலுக்கு ‘அண்டத்தின் அகல்விளக்கு’ என்று பட்டம் சூட்டிய அன்றைக்கு, பொன்னாடை தோளில் விழுந்த அதே நொடியில் மின்சாரம் போய்விட்டது. அகல்விளக்கு இருட்டில் நின்றபடியே அரை மணி நேரம் பேசியது. ‘மனிதனும் ஒரு விண்மீன் திரளே’ என்பது அந்தப் பேச்சின் கடைசி வரி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் எல்லோரும் தாராளமாகக் கை தட்டினார்கள். முன்வரிசை அமைச்சர் மட்டும் கை தட்டவில்லை. அந்த வரியைக் குறித்துக்கொள்ளும்படி செயலாளரிடம் சொன்னார். கை தட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்.

ஐந்து வருஷம் கழித்து, 2054 மார்ச் மாதத்து மத்தியானம் ஒன்றில், ஊமைமலை வானாய்வகத்தின் படக்காப்பு அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுபாஷிணிக்கு ஒளியளவு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

‘தங்கள் ஒளியளவு: 41. பணியில் தொடரத் தேவையான ஒளியளவு: 45. தங்களிடம் கடைசியாகப் பிறந்த விண்மீன்: 2027, கணினித் தட்டச்சு, மேல்நிலை. எனவே தாங்கள் ஏப்ரல் 30 பிற்பகல் அமைதிப் பணிநிறைவு பெறுகிறீர்கள். இதுவரை ஒளிர்ந்தமைக்கு வாரியம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.’

சுபாஷிணி என்றால் இனிமையாகப் பேசுகிறவள் என்று பொருள். ஐம்பத்தைந்து வயதுவரை அந்தக் குற்றத்தை அவள் மேல் யாரும் சுமத்தியதில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ‘இதுவரை ஒளிர்ந்தமைக்கு’ என்ற இடத்தில் ஊறுகாய்க் கையை வைத்துத் துடைத்தாள். பிறகு மிச்ச சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.

டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாதிக் பாஷா இன்னொரு கடிதத்தோடு வந்தார். ஊமைமலையில் தொலைநோக்கியின் கூரை, அதாவது டோம், நாற்பது டன் எடை. அது பதினாறு இரும்புச் சக்கரங்கள் மேல் சுற்றுகிறது. எந்தச் சக்கரம் மக்கர் செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய ஒரே மனிதர் பாஷா. வயது ஐம்பத்தெட்டு.

“மேடம், உங்களுக்கு எவ்வளவு?”

“நாப்பத்தொண்ணு. உங்களுக்கு பாய்?”

“இருபத்தொம்பது. கடைசி விண்மீன் பத்தாங்கிளாஸ்னு போட்டிருக்கான். நல்லவேளை, மார்க்கைப் போடல.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இந்த வளைவு வளைவுங்கறாங்களே, அது என்ன மேடம்? இருபது வருஷமா டோமைத் திருப்பறேன். எதுக்குத் திருப்பறேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

சுபாஷிணி கையைத் துடைத்துக்கொண்டாள். “வானத்துல முட்டை மாதிரி வழவழன்னு ஒரு வகைத் திரள் இருக்கு. நீள்வட்டத் திரள்னு பேரு. ஒவ்வொண்ணுலயும் கோடி கோடியா நட்சத்திரம். ஆனா எல்லாம் எப்பவோ ஒரே மூச்சுல பொறந்தது. அதுக்கப்புறம் புதுசா எதுவும் பொறக்கறதில்ல. அதுல பெரிசா, நீலமா, ஆட்டம் போட்டு எரியறதெல்லாம் சீக்கிரம் போயிடும். சிக்கனமா, செவப்பா எரியறதுதான் மிச்சம் நிக்கும். அதனால போகப் போக மொத்த வெளிச்சம் குறையும்.”

“கல்யாண மண்டபத்துல சீரியல் செட் போட்ட மாதிரி. ஒவ்வொண்ணா அணையுது, மாத்தறதுக்கு ஆளில்ல.”

“அதேதான்.”

“குறையறத எப்படிப் பாத்தீங்க? கோடி வருஷம் உக்காந்தா பாத்தீங்க?”

“தூரத்துல இருக்கறதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே பல நூறு கோடி வருஷம் ஆகுது பாய். அதனால தூரத்துத் திரளை அதோட சின்ன வயசுல பாக்கறோம். பக்கத்துத் திரளை வயசான காலத்துல பாக்கறோம். தூரத்துல இருக்கறது எவ்வளவு பிரகாசம், பக்கத்துல இருக்கறது எவ்வளவு பிரகாசம்னு அளந்து ஒரு கோடு இழுத்தா, அதுதான் வளைவு.”

பாஷா ஸ்டூலை முன்னால் நகர்த்தினார். “அப்ப ரெண்டும் ஒரே ஆளு இல்ல.”

“இல்ல. ஆயிரம் வேற வேற ஆளு.”

“அதாவது, பக்கத்து வீட்டுக்காரனோட கல்யாண போட்டோவையும் என்னோட இன்னைக்கு மூஞ்சியையும் சேத்து வச்சுப் பாத்துட்டு, பாஷா மங்கிட்டான்னு சொல்றீங்க.”

முப்பது வருஷமாக வந்து போன முனைவர்களில் ஒருவர்கூட அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

“அந்தக் கோட்டை இழுத்தது யாரு மேடம்? அகல்விளக்கா?”

“பேரு அவரோடது. அளந்தது நான்.”

உலகத்துக்கு அது ‘தணிகை வளைவு’. தணிகைவேல் பெயரில் வந்த தணிகையை ஜனங்கள் ‘தணிந்து போவது’ என்று புரிந்துகொண்டார்கள். பெயர்ப் பொருத்தம் அப்படி அமைந்துவிட்டது. ஆயிரம் திரள்களின் ஒளியையும் ஒன்றுவிடாமல் அளந்த சுபாஷிணியின் பெயர் அந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் ‘மற்றும் ஊழியர்கள்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எங்கோ இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். ஐம்பதைத் தாண்டிய அரசு ஊழியர் ஒவ்வொருவரையும் வேலைக்கு லாயக்கா என்று சோதிக்கவேண்டும் என்று பேச்சு எழுந்தது. சோதிப்பதென்றால் ஆள் வேண்டும், நாள் வேண்டும், சோதிக்கிறவரை யார் சோதிப்பது என்ற வம்பு வேறு. அமைச்சர் குறித்துவைத்த வரியிலிருந்து பிறந்த சூத்திரத்துக்கு அந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. வயதைப் போடு, கடைசியாகச் சான்றிதழ் வாங்கிய ஆண்டைப் போடு, வளைவில் வைத்துப் பார். புதிய விண்மீன் பிறக்காத ஆள் மங்கித்தான் ஆகவேண்டும் என்று அண்டமே சொல்லும்போது அரசாங்கம் என்ன செய்யும்? ஒளியளவுச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவர் ஊசி போட்டால் குழந்தைகள் அழுவதற்கு மறந்துபோகும். ஒளியளவு 43 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் வந்த பெண்ணின் ஒளியளவு 96. போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போன சுபாஷிணியின் கையில் நாலு இடத்தில் குத்தியும் அந்தப் பெண்ணுக்கு நரம்பு அகப்படவில்லை. நீலம் பாரித்த அந்தக் கையைத்தான் இப்போது சுபாஷிணி பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எங்கேயோ மேலே யாரோ செய்கிறார்கள் என்று நேற்றுவரை இருந்தது. இது தன் கையால் போட்ட கோடு என்பது இப்போதுதான் உறைத்தது.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆயிரத்தொன்றாவது விளக்கு.

கட்டுரை முடிந்து, திரள்களுக்கு விளக்கு என்று பேர் வைத்து, ‘ஆயிரம் பழைய விளக்குகள்’ என்று அட்டைகூட அச்சாகிவிட்டிருந்த நேரம் அது. அமைச்சரின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “ஆயிரமா சார்? சைபர்ல முடியுதே.” அண்டத்தின் வயதைப் பற்றி நாற்பது நாடுகளில் பேசிய தணிகைவேலுக்கு இதை மறுக்க ஒரு விநாடிகூடத் தேவைப்பட்டிருக்கக் கூடாது. அவர் அந்த விநாடியை எடுத்துக்கொள்ளவில்லை. “ஏதாவது ஒண்ணச் சேத்துடும்மா. ஆயிரத்தொண்ணு ஆக்கிடலாம்” என்றார்.

சுபாஷிணி தன் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்தாள். ரொம்ப தூரத்தில் இருந்த ஒரு நோஞ்சான் திரள். ஒரு ஆர்வத்தில் நாலு நாள் தொடர்ந்து படம் பிடித்துவைத்திருந்தாள். வளைவில் வைத்துப் பார்த்தால் அது கோட்டுக்கு எவ்வளவோ கீழே கிடந்தது. சின்ன வயது, ஆனால் பிரகாசமே இல்லை. “இத வளைவுல சேக்காத. இது மொய்” என்றார் தணிகைவேல். ஆகவே அட்டையில் ஆயிரத்தொன்று, வளைவுக்குள் ஆயிரம்.

மற்ற ஆயிரத்துக்கும் ஒரு விதி இருந்தது. ஆளுக்கு அரை மணி நேரப் படம். அதற்குள் தெரியாதது பட்டியலில் கிடையாது. ‘அரை மணியில் தெரியாதது விளக்கே இல்லை’ என்பது பேராசிரியர் வாக்கு. வாக்கின் அடியில் இருந்த காரணம், அமைச்சருக்கு அறிக்கை சீக்கிரம் போகவேண்டும் என்பது.

“பாய், ராத்திரி மலை மேல நின்னு ஊரைப் பாத்தா என்ன தெரியும்?”

“ரைஸ்மில் போகஸ் லைட்டு. பெட்ரோல் பங்க். பெரிய தெரு.”

“சின்ன பல்பு போட்ட வீடு?”

“எங்க தெரியும்.”

“அப்ப தூரத்துல இருக்கறவங்க எல்லாரும் போகஸ் லைட்டுதான் போடறாங்கன்னு எழுதிட்டோம். பக்கத்துத் தெருவுல சின்ன பல்பு, பெரிய பல்பு எல்லாத்தையும் எண்ணிட்டோம். தூரம்னா இங்க சின்ன வயசு. சின்ன வயசுல எல்லாரும் போகஸ் லைட்டு, வயசானா ஜீரோ வாட்ஸ். அந்தக் கோடு செங்குத்தா விழாம என்ன செய்யும்?”

பாஷா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நீங்க போட்ட கோடுன்னு சொல்றீங்க. நீங்கதான அழிக்கணும்.”

மறுநாள் காலை சுபாஷிணி இயக்குநர் அறைக்குப் போனாள். தணிகைவேலுக்கு அறுபத்தாறு வயது. ‘மதிப்புறு இயக்குநர்’ என்பதால் வளைவு அவரைத் தொடாது. மதிப்பு உள்ளவர்கள் மங்குவதில்லை என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சுவர் முழுக்க நினைவுப் பரிசுகள், ஒன்றின் பாலிதீன் உறையையும் பிரிக்கவில்லை.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாவம், புரியாதவர் அல்ல. புரிந்தது என்பது காது சிவந்ததில் தெரிந்தது.

“வளைவு இப்ப என் கையில இல்லம்மா. அது சட்டம்.”

“நீங்க ஒரு லெட்டர் எழுதினாப் போதும் சார். மங்கலா இருக்கறதெல்லாம் விட்டுப்போச்சு, திரும்ப அளக்கணும்னு ரெண்டு வரி.”

“உலகம் என்ன சொல்லும்? தணிகைவேலே தணிகை வளைவை மறுத்தாருன்னு சொல்லும்.”

“நல்லதுதான சார்? அவரே பெரிய மனசு பண்ணி மறுத்தாருன்னு சொல்லும்.”

பெரிய மனசு என்ற யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றினார். “உனக்கு நாப்பத்தொண்ணுதான? இதுக்கு ஏம்மா இவ்வளவு அலட்டிக்கிற? ஆன்லைன்ல ‘மகிழ்ச்சியான முதுமை’ன்னு ஒரு படிப்பு இருக்கு. மூணே நாள். கடைசியில பத்துக் கேள்வி. பாஸ் பண்ணா புது விண்மீன் ஒண்ணு பொறந்துடும், நாலு புள்ளி ஏறும். கரெக்டா நாப்பத்தஞ்சு.”

“பாஷா பாய்க்கு?”

“யாரு?”

“டோமைத் திருப்பறவரு சார். இருபது வருஷமா.”

“ஓ, அவரா. மோட்டார் வச்சுக்கலாம்.”

“மோட்டார் இருக்கு சார். அது நின்னா திருப்பறதுக்குத்தான் அவரு.” சுபாஷிணி எழுந்தாள். “நீங்க பேரை மட்டும்தான் குடுத்தீங்க சார். அளந்தது நான். தப்பு என் பேர்லதான் இருக்கு. நானே வாரியத்துக்குப் போய்ச் சொல்லிக்கறேன்.”

தன் வளைவில் தனக்குப் பேர் மட்டும்தான் பங்கு என்று ஒருவர் சொன்னால் கோபப்படுவதா, பொறுப்பு கழன்றது என்று மகிழ்வதா என்று அகல்விளக்குக்கு விளங்கவில்லை. அது விளங்குவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

அன்றே வாரியத்துக்கு மேல்முறையீடு போட்டாள். விசாரணைக்கு நாற்பது நாள் இருந்தது. ஒற்றை மொய் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தோடு மோத முடியாது. தூரத்து மங்கல் திரள்கள் நிறைய வேண்டும். புதிதாகப் படம் பிடிக்க அவளுக்கு அனுமதி இல்லை, கடிதம் வந்த அன்றே அவள் பெயரைத் தொலைநோக்கி அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் படக்காப்பு அறையின் சாவியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வானத்தின் ஒரே மூலையை அரை மணி நேரம் படம் பிடிப்பது ஊமைமலை வழக்கம். பார்த்ததும் தூக்கிப்போட வேண்டிய படம். சுபாஷிணி எதையும் தூக்கிப்போடுகிற ஜாதி இல்லை. மேகம் மூடிய நாட்கள் போக நூற்று முப்பத்தெட்டு படங்கள் இருந்தன.

“ஒரு படத்துல தெரியாதது நூத்தி முப்பத்தெட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாத் தெரியும் பாய்” என்றாள். “வெளிச்சம் சேந்துட்டே போகும். படத்துல விழற பொய்ப் புள்ளி எல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும்.”

அடுக்குவது சொல்வதுபோல் எளிதல்ல. ஒவ்வொரு படத்திலும் தொலைநோக்கி ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்று தெரியாமல் அடுக்கினால் எல்லாம் சேர்ந்து பழைய சாம்பார் ஆகிவிடும். இங்கேதான் பாஷாவின் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு வந்தது. எந்த நாளில் எந்தச் சக்கரம் முரண்டு பிடித்தது, டோம் அதிர்ந்ததா, எந்த நேரத்தில் என்று பன்னிரண்டு வருஷத்துக்கும் எழுதிவைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், “யாராவது கேப்பாங்கன்னு” என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்தாள். ஒரு நாளைக்கு ஐந்து படம், சில நாள் மூன்று. கழுத்து பிடித்துக்கொண்டது, பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு அடுக்கினாள். முப்பத்தோராம் நாள் கடைசிப் படத்தைச் சேர்த்தபோது, கறுப்பாக, ஒன்றுமில்லாமல் கிடந்த அந்த மூலையில் எழுபத்திரண்டு மங்கலான முட்டைகள் தெரிந்தன. அத்தனையும் தூரத்தில், அத்தனையும் இளசு, ஒன்றுகூட போகஸ் லைட் இல்லை.

வளைவைப் புதிதாகப் போட்டாள். மங்குவது உண்மைதான். ஆனால் தணிகைவேல் சொன்ன அளவு வேகமாக அல்ல. அந்தக் கணக்கை வாரியத்தின் சூத்திரத்தில் வைத்துப் பார்த்தபோது சுபாஷிணியின் ஒளியளவு ஐம்பத்தெட்டு வந்தது.

பாஷாவுக்கு நாற்பத்து நான்கு.

மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பாஷா பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு குறையுதா?”

“ஒண்ணு.”

“கொஞ்சம் மேல தூக்கிப் போட முடியாதா?”

“முடியாது பாய்.”

“தெரியும். சும்மா கேட்டேன்.” நோட்டை எடுத்துக்கொண்டார். “நீங்க போய் சொல்லுங்க. உங்களது வந்துடுச்சில்ல. ஸ்டெல்லா சிஸ்டருக்கும் வந்துடும்.”

“என்னோடது மட்டும் வந்தா கோடு பாதிதான் அழிஞ்சதுன்னு அர்த்தம்” என்றாள் சுபாஷிணி. “இந்தக் கோட்ட மனுஷன் மேல வைக்கவே கூடாது. அதச் சொல்லத்தான் போறேன்.”

ஆனால் கணக்கை மறைக்கவில்லை. ஒரு புள்ளிகூடக் கூட்டாமல் குறைக்காமல் கட்டுரையாக எழுதி, விசாரணைக்கு முந்தின நாளே ஒரு ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாள். ஆசிரியர்கள்: சுபாஷிணி, சாதிக் பாஷா. நன்றிப் பகுதியில் இரண்டே சொற்கள்: மற்றும் பேராசிரியர்.

மேல்முறையீட்டு அலுவலர் ஹரிஹரசுதனுக்கு மேசை மேல் ஒரு சட்டப் புத்தகமும் ஓர் அடிஸ்கேலும் இருந்தன. ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துத்தான் எதையும் படிப்பார். தலைமுடிக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார், இடது காது மடலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வாரியத்தின் நிபுணராகத் தணிகைவேல் பக்கத்தில் வீற்றிருந்தார். பொன்னாடை இல்லை, ஆனால் தோள் அதை எதிர்பார்த்து ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

“விசாரணைக்கு முன்னாடி ஒரு சந்தேகம் ஐயா” என்று அலுவலர் நிபுணர் பக்கம் திரும்பினார். “வளைவு அம்பதுலேர்ந்து பொருந்தும்கறாங்களே. அது அம்பது முடிஞ்சாலா, ஆரம்பிச்சாலா?”

“ஆரம்பிச்சாலே” என்றார் தணிகைவேல்.

“ஓ” என்றார் அலுவலர். ஸ்கேலைக் கொஞ்சம் நேராக வைத்தார். “சரி, சொல்லுங்கம்மா.”

சுபாஷிணி சொன்னாள். இந்த வளைவு எந்த ஒரு திரளும் மங்குவதைப் பார்த்துப் போட்டதல்ல, வேறு வேறு ஆட்களை வேறு வேறு வயதில் பார்த்துப் போட்டது, இதை ஒரு தனி மனிதன் மேல் வைப்பது பக்கத்து வீட்டுக்காரன் கல்யாண போட்டோவை வைத்து இவனைத் தள்ளுவதுபோல என்றாள்.

“அது சட்டமன்றத்துல பேசவேண்டியதும்மா. நான் சட்டத்தை நடத்தறவன்.”

தூரத்துச் சின்ன பல்புகள் விட்டுப்போனதைச் சொன்னாள். பையிலிருந்து புதிய வளைவை எடுத்தாள். அலுவலர் கை நீட்டவில்லை.

“விசாரணையில புது இணைப்பு வாங்கறதுக்கு இடமில்ல. தவிர, வாரியத்துக்கு அறிவியல்ல கருத்து கிடையாது.”

தணிகைவேல் மெதுவாகத் தலையசைத்தார். மேடையில் அடுத்தவர் பேசும்போது அசைக்கிற அசைப்பு.

சுபாஷிணி காகிதத்தைப் பையில் திருப்பி வைத்தாள். “சரிங்க சார். முடியாதுன்னு எழுதிக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன். கோர்ட்டுக்குப் போவேன், அங்கயும் இதத்தான் சொல்லுவேன். எனக்கு இந்தச் சந்தேகமே ஆயிரத்தொண்ணாவது விளக்குலதான் ஆரம்பிச்சது. அத மட்டும் விட்டுட்டுத்தான வளைவு போட்டோம்.”

ஸ்கேல் நின்றது.

“எத்தனாவது?”

“ஆயிரத்தொண்ணாவது. பட்டியல்ல இருக்கும், வளைவுக்குள்ள இருக்காது.”

அலுவலர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டாம் அட்டவணையை எடுத்து, ஸ்கேலை வைத்து, உரக்கப் படித்தார். “‘ஆயிரத்தொரு பழைய விளக்குகளின் ஒளி மங்கும் வீதத்தை அளந்து பெறப்பட்ட தணிகை வளைவின்படி.’ ஆயிரத்தொரு. எழுத்தாலும் போட்டிருக்கு, எண்ணாலும் போட்டிருக்கு.” நிமிர்ந்தார். “ஐயா?”

தணிகைவேல் சிரித்தார். “அது ஒண்ணுமில்ல. சைபர்ல முடியக்கூடாதுன்னு ஒரு மங்கலத்துக்குச் சேத்தது.”

“மங்கலுக்கா, மங்கலத்துக்கா?”

“மங்கலத்துக்கு.”

“அப்ப அதோட மங்கலை அளக்கல.”

“அதுக்கு அவசியம்... அமைச்சரோட செயலாளர்தான் அப்ப...”

“அதை நான் கேக்கல ஐயா” என்று அலுவலர் அவசரமாகக் குறுக்கிட்டார். பேனாவைத் திறந்தார். முகத்தில் முதல் தடவையாக ரத்த ஓட்டம் தெரிந்தது. அறிவியல் அவரை அசைக்கவில்லை, நியாயமும் அசைக்கவில்லை. சட்டத்தில் ஆயிரத்தொன்று, கோப்பில் ஆயிரம் என்பது வேறு விஷயம், அது அவர் தாய்மொழி. “விடுபட்ட விளக்கை அளந்து முடிக்கும்வரை வளைவு நிறைவு பெறாது. வளைவு நிறைவு பெறும்வரை அதன்படி எவரையும் பணிநிறைவு பெறச் செய்ய இயலாது.” எழுதிக்கொண்டே கேட்டார். “அந்த ஆயிரத்தொண்ணாவது விளக்கு எவ்வளவு மங்குதுன்னு அளக்க எவ்வளவு காலம் ஆகும்?”

தணிகைவேல் வாயைத் திறந்தார். “அது ஒரே நாள்ல...”

“அளக்கறது யாரு ஐயா? நீங்களா?”

“இவங்கதான்” என்றார் தணிகைவேல்.

“அப்ப அவங்க சொல்லட்டும்.”

அந்த விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பது மூன்று தசம இடம்வரை சுபாஷிணியின் பைக்குள் இருந்தது. ஆனால் கேள்வி அதுவல்ல. எவ்வளவு மங்குகிறது என்று கேட்கிறார். ஒரே ஒரு விளக்கு, அது தன் ஆயுளில் மங்குவது. அவள் முப்பது வருஷத்தில் ஒரு தப்பான எண்ணைச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

“ஒரே விளக்கு மங்கறதப் பாக்கணும்னா, அத மட்டும் விடாம பாத்துட்டே இருக்கணும் சார். நம்ம கருவி சந்தேகமில்லாமச் சொல்ற அளவுக்கு அது மங்கணும். ஐம்பது கோடி வருஷம் ஆகும்.”

தணிகைவேல் நாற்காலியில் நிமிர்ந்தார். “சார், இது...”

“தப்பா ஐயா?”

தப்பு என்று சொன்னால் எப்படித் தப்பு என்று சொல்லவேண்டும். ஒரு விளக்கும் மங்குவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று, தணிகை வளைவைப் பற்றி, தணிகைவேல் வாயால் சொல்லவேண்டும். அகல்விளக்கு கொஞ்சம் படபடத்தது.

“தப்பில்லை” என்றார்.

அலுவலர் எழுதினார். எழுதி முடித்தவர் பேனாவை எடுக்காமல் அந்த எண்ணையே பார்த்தார். காது மடலைத் தடவினார், விரலில் சாயம் ஒட்டியது.

“ஐம்பது கோடி. சைபர்ல முடியுதேம்மா.”

இடம் விட்டு ஒரு சொல்லைச் சேர்த்தார். முத்திரை வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்பவேண்டும் என்று வாய்மொழியாகவும் ஒரு தடவை சொன்னார்.

வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சுபாஷிணி மலைக்குத் தொலைபேசினாள். பின்னணியில் டோம் சுற்றும் சத்தம் கேட்டது.

“நிறுத்தி வச்சுட்டாங்க பாய். எல்லாருக்கும்.”

“எத்தனை வருஷத்துக்கு மேடம்?”

“ஐம்பது கோடியே ஒண்ணு.”

டோம் நின்றது. பாஷா அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.

“அந்த ஒண்ணு எதுக்கு?”

“உங்களுக்கு ஒண்ணு குறைஞ்சுதே, அதுக்கு.”

சக்கரங்கள் மறுபடி உருளத் தொடங்கின.

“ஏழாம் நம்பர் சக்கரம் அவ்வளவு நாள் தாங்காது மேடம்” என்றார் பாஷா. “வரும்போது ஒரு டப்பா கிரீஸ் வாங்கிட்டு வாங்க.”